பெரும்பாக்கத்துக்குப் புல்தரை எதற்கு?

மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் ரோட்டில் பெரும்பாக்கத்தைத் தாண்டும்போது ஜன்னல் ஓர சீட் கிடைத்தால் ஒரு வேடிக்கையைக் கவனிக்கலாம். புதிதாக எழும்பியிருக்கும் அடுக்குமாடிகளின் வாசலில் பச்சைப்பசேலென்று கொரியன் புல். காம்பவுண்டுக்கு வெளியே, அதே மண்ணில், யாருமே தண்ணீர் ஊற்றாத எருக்கும் நித்தியகல்யாணியும் பூத்துக் குலுங்கும். உள்ளே இருக்கிற பச்சைக்கு மாதாமாதம் பில் வருகிறது. வெளியே இருக்கிற ஊதாவுக்கும் ரோஸுக்கும் பில் கிடையாது. அந்த பில்லைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

"இந்த மண்ணுல ஒண்ணும் வராது சார்." தென்சென்னைப் புறநகரில் வீடு வாங்கிய எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருக்கும் வசனம் இது. சொல்பவரிடமும் நியாயம் இருக்கிறது. ரோஜாவுக்குக் குழி தோண்டினால் முதலில் வருவது உடைந்த செங்கல். அப்புறம் சிமெண்ட் கட்டி. அதற்கும் கீழே கிராவல். கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு பழைய செருப்பு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி என்பதால், பெரும்பாக்கத்தில் கட்டடம் எழுப்பும் முன் லாரி லாரியாக எதையாவது கொட்டி மேடாக்க வேண்டியிருக்கிறது. அப்படிக் கொட்டியதுதான் பலர் வீட்டுத் 'தோட்ட மண்'. அதன் மேல் சித்திரை வெயில் அடித்தால் அது மண்ணாக இருக்காது, ஓடாக இருக்கும். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது நினைவிருக்கலாம். அந்த வெயிலில் பட்டு ரோஜா வளர்ப்பேன் என்று கிளம்புகிறவரின் தைரியத்தைப் பாராட்டலாம், பட்ஜெட்டைப் பாராட்ட முடியாது.

ஆனால் 'ஒன்றும் வராது' என்பது மட்டும் பொய். கொட்டிய குப்பை நேற்று வந்தது, கல் அப்படியல்ல. பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம், நன்மங்கலம், வண்டலூர் என்று இந்தப் பக்கம் முழுக்கக் கல்தான். பரங்கிமலைப் பக்கத்துக் கருங்கல்லுக்கு 1890-களில் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 'சார்னொகைட்' என்று பெயர் வைத்தார். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்திருந்தது இதே வகைக் கல் என்பதால் அந்தப் பெயர். அந்தப் பாறைப் பிரதேசத்தில் இடையிடையே சிவப்புச் சரளை. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கற்காலக் கைக்கோடாரியைக் கண்டெடுத்ததும் அந்தச் சரளைக் குழி ஒன்றிலிருந்துதான். ஆக, இங்கே மனுஷன் கல்லோடு வாழ்ந்து பழகி லட்சக்கணக்கான வருஷம் ஆகிறது. செடிகள் அதற்கும் முன்னால் பழகியிருக்கும், இல்லையா?

சந்தேகம் இருப்பவர்கள் மேடவாக்கத்தைத் தாண்டி நன்மங்கலம் காப்புக்காட்டின் ஓரம் வரை போய் வரலாம். சுமார் 320 ஹெக்டேர். நடுவில் கைவிடப்பட்ட கல்குவாரி. கொம்பன் ஆந்தையைத் தேடிக் கேமராவோடு அலைகிறவர்களுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். முழுக்க முழுக்க முட்புதர்க் காடு. அங்கே யாரும் உரம் வைக்கவில்லை, ஸ்பிரிங்க்ளர் போடவில்லை. மழை பெய்தால் பூக்கும், பெய்யாவிட்டால் இலையை உதிர்த்துவிட்டுச் சும்மா இருக்கும். தாம்பரத்தில் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி இன்னொரு சாட்சி. 1937-ல் நகரத்துக்குள்ளிருந்து அந்தக் கல்லூரி சேலையூர்ப் பக்கம் குடிபெயர்ந்தபோது அந்த இடம் வெறும் புதர்க்காடு. அங்கே வேதியியல் பேராசிரியராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸுக்குச் செடிகொடிகள் மேல் தீராத பைத்தியம். அவரும் அவர் மனைவி ஆலிஸும் போட்ட அடித்தளம் இன்றைக்கு வளாகமாக நிற்கிறது. அதில் பெரும்பங்கு ஏற்கனவே இருந்த புதர்க்காட்டை அழிக்காமல் விட்டதற்குப் போக வேண்டும். 'விட்டுவிடுவது' என்பதும் தோட்டக்கலையில் ஒரு வேலைதான். அதற்குக் கூலி கேட்க முடியாது என்பதால் எந்த கான்ட்ராக்டரும் சிபாரிசு செய்வதில்லை :-)

இப்போது கணக்குக்கு வருவோம். காமர்ஸ் படிக்கிற பசங்களுக்கு எளிதாகப் புரியும்.

சென்னைக் கோடையில் புல்தரை உயிரோடு, அதுவும் பச்சையாக, இருக்க ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் தண்ணீராவது வேண்டும். வெயிலும் காற்றும் மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் உறிஞ்சுகிற அளவு அது. 1,000 சதுர அடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். பெருக்கினால் ஒரு நாளைக்கு 465 லிட்டர். ஒரு மாதத்துக்குச் சுமார் 14,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி ஒன்றுக்கும் மேல். இந்திய நகரங்களில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது குடிநீர் வழங்கலுக்கான அளவுகோல். அந்தக் கணக்கில் ஆயிரம் சதுர அடிப் புல் மூன்று பேருக்கு மேல் குடிக்கிறது. இந்த மூன்று பேரும் வேலைக்குப் போக மாட்டார்கள், ஓட்டுப் போட மாட்டார்கள், மெயின்டனன்ஸ் கட்டவும் மாட்டார்கள். மேலே நடக்கக்கூட விடமாட்டார்கள், 'புல்லை மிதிக்காதீர்' என்று போர்டு வேறு.

போர்டு வைத்துப் பாதுகாக்கும் ஒரு பொருள் எந்த ஆண்டும் வருமானம் தருவதில்லை, தேய்மானம் மட்டும் தருகிறது. பாலன்ஸ் ஷீட்டில் அதை எந்தப் பக்கம் எழுதுவீர்கள்?

2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு போயின. அந்த ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறி வில்லிவாக்கத்துக்கு வந்தது. ஓ.எம்.ஆர். பக்கம் முழுக்க டேங்கர் லாரியை நம்பித்தான் பிழைப்பு ஓடியது. லாரி எங்கிருந்து தண்ணீர் எடுக்கிறது என்று அப்போது யாரும் அதிகம் கேட்கவில்லை. ஏதோ ஒரு கிராமத்துக் கிணறு, யாரோ ஒருவரின் வயல் போர். அந்த ஊர்க்காரர்களுக்கும் அதே கோடைதான். ஒரு வாசலின் அழகுக்காக இன்னொரு ஊரின் நிலத்தடி நீரை இறக்குவதை 'லேண்ட்ஸ்கேப்பிங்' என்று சொல்லிவிட்டால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

"நாங்க எஸ்.டி.பி. தண்ணிதான் விடுறோம்" என்று பெரிய குடியிருப்புகள் சொல்லும். உண்மைதான், பலர் கழிவுநீரைச் சுத்திகரித்துத்தான் புல்லுக்கு விடுகிறார்கள். ஆனால் அதே தண்ணீரைக் கழிவறை ஃப்ளஷுக்குத் திருப்பினால் அந்த அளவுக்கு நல்ல தண்ணீர் மிச்சமாகும். ஒரு பொருளின் விலை என்பது அதற்குக் கொடுத்த காசு மட்டுமல்ல, அதை வேறெங்கே பயன்படுத்தியிருக்கலாம் என்பதும்தான். முதல் வருஷப் பொருளாதாரப் பாடத்திலேயே வருகிற சமாச்சாரம்.

பணக்கார நாடுகளே இந்தப் புல் மோகத்தை விட்டுக்கொண்டிருக்கின்றன. கலிபோர்னியாவில் 2015 ஏப்ரலில் கவர்னர் ஜெர்ரி பிரவுன் போட்ட வறட்சி உத்தரவில், 5 கோடி சதுர அடிப் புல்தரையைப் பிடுங்கிவிட்டு வறட்சி தாங்கும் செடிகளை வைப்பதும் ஒரு அம்சம். புல்லை எடுத்தால் சதுர அடிக்கு இத்தனை டாலர் என்று வீட்டுக்காரர்களுக்குக் காசு கொடுத்தார்கள். நெவாடா மாநிலம் 2021-ல் சட்டமே போட்டது: லாஸ் வேகாஸ் வட்டாரத்தில் யாரும் விளையாடாத, வெறும் அலங்காரப் புல்லுக்கு 2026-க்குப் பிறகு கொலராடோ ஆற்றுத் தண்ணீர் கிடையாது (தனி வீடுகளுக்கு விலக்கு உண்டு). அந்த ஊரில் வருஷத்துக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் மழை. சென்னைக்குச் சுமார் 1,400.

அந்த 1,400-ல்தான் வினை. ஒரு வகையில் பார்த்தால் பெரும்பாக்கம் வறண்ட ஊரே இல்லை. மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்றே மாதத்தில் கொட்டிவிடுகிறது, பாக்கி மாதங்களில் வெயில். 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் போன பிறகு பள்ளிக்கரணையைச் சுற்றியுள்ள பகுதிகளில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. அதனால் இங்கே செடி தேர்ந்தெடுப்பவர் வெயிலை மட்டும் யோசித்தால் போதாது. எட்டு மாதம் பட்டினி கிடக்கத் தெரிந்த செடிக்கு, ஒரு வாரம் தண்ணீரில் நிற்கவும் தெரிய வேண்டும். வறட்சி தாங்கும் செடிகளில் பலவற்றுக்கு அது தெரியாது. இணையத்தில் 'டிராட் டாலரண்ட்' என்று தேடி அடீனியம் வாங்கி வந்து நேராகத் தரையில் நட்டவர்கள் கார்த்திகையில் கிழங்கு அழுகி நாறுவதைப் பார்த்திருப்பார்கள்.

இந்த இரண்டு பரீட்சையிலும் பாஸாகிற ஒரு செடி அரளி.

அரளியை எல்லோருக்கும் தெரியும், அதனாலேயே மதிப்பதில்லை. நெடுஞ்சாலை நடுத்திட்டில் அதை வைப்பது அழகுக்காக மட்டுமல்ல. ஆடு மாடு கடிக்காது, புகையும் தூசியும் ஒன்றும் செய்யாது, எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட் வெளிச்சத்தை மறைக்கும், தண்ணீர் வண்டி ஒரு வாரம் வராவிட்டாலும் முகம் சுளிக்காது. அதன் இலையின் அடிப்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தால் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். மூச்சுத்துளைகள் அந்தக் குழிகளுக்குள்ளே, மயிர்களுக்கு நடுவே ஒளிந்திருக்கின்றன. வெளியே அனல்காற்று அடித்தாலும் குழிக்குள் ஈரம் சட்டென்று போவதில்லை. இன்னொரு விஷயம், அரளி இயற்கையில் வளர்வது ஆற்றோரத்திலும் ஓடைப்படுகையிலும். முக்கால் வருஷம் மணலும் கல்லுமாகக் காய்ந்து கிடந்து, திடீரென்று வெள்ளம் வருகிற இடங்கள் அவை. பெரும்பாக்கத்தின் ஜாதகமும் அப்படியே இருக்கிறதா? 1945-ல் அணுகுண்டு விழுந்த ஹிரோஷிமாவின் இடிபாடுகளுக்கு நடுவே முதலில் பூத்த பூக்களில் ஒன்று அரளி என்பார்கள். இன்று அந்த நகரத்தின் அதிகாரப்பூர்வ மலர் அதுதான். செங்கல்லும் சிமெண்டும் கொட்டிய மண் அரளிக்கு ஒரு பொருட்டே அல்ல.

ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் அரளியைப் புகழ்வது அயோக்கியத்தனம். வேர் முதல் பூ வரை விஷம். கேரளத்தில் 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவைத் தவிர்க்க முடிவு செய்தது. அரளியை மென்றதால் இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு மரணத்தை ஒட்டி வந்த முடிவு அது. ஆகவே மதில் ஓரம், சாலை நடுத்திட்டு, பார்க்கிங் பின்புறம் சரி. பால்வாடி வாசலிலும் குழந்தைகள் விளையாடும் இடத்திலும் வேண்டாம். அங்கே வைக்க வேறு செடிகள் இருக்கின்றன.

நித்தியகல்யாணியை எடுத்துக்கொள்ளுங்கள். சுடுகாட்டுப் பூ என்று வீட்டில் வைக்கத் தயங்குகிறவர்கள் இன்னும் உண்டு. பூர்வீகம் மடகாஸ்கர். 1950-களில் ஜமைக்காவிலிருந்து இதன் இலை கனடாவுக்குப் போனது, சர்க்கரை வியாதிக்கு நல்லதா என்று பார்க்க. ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் சோதித்தபோது சர்க்கரை குறையவில்லை, ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்தன. அந்த ஏமாற்றத்திலிருந்து பிறந்ததுதான் வின்பிளாஸ்டின். அதே செடியிலிருந்து பிறகு வின்கிரிஸ்டினும் வந்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கிற மருந்து. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில், மற்றதெல்லாம் கருகிப்போகும் மானாவாரி நிலத்தில் விவசாயிகள் இதைப் பயிராகவே போட்டு இலையும் வேரும் விற்றிருக்கிறார்கள். (மருந்து ஆலைக்குப் போகிற சமாச்சாரம் அது. வீட்டில் அரைத்துக் குடிக்கிற கைவைத்தியம் வேண்டவே வேண்டாம்.) வெயிலும் கல்லும் இதற்கு அல்வா. தேங்கிய தண்ணீர்தான் எமன், தண்டு கறுத்து இரண்டே நாளில் சாய்ந்துவிடும். ஒரு அடி மேடு கட்டி வைத்தால் போதும். செத்தாலும் விதை கீழே கிடக்கும், தையில் தானாக முளைக்கும்.

அடுத்து ஆவாரை. இதற்கும் தாம்பரம் லைனுக்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது, குரோம்பேட்டையில் தினமும் ரயிலேறுகிறவர்களில் பலருக்குத் தெரியாது. ஒரு காலத்தில் சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறிய தோல், ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல். தரிசில் தானாக வளர்கிற செடியின் பட்டை பெரிய ஏற்றுமதி ஒன்றைத் தாங்கிக்கொண்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குரோமிய உப்பால் பதனிடும் முறை வந்தது. ஜி.ஏ. சேம்பர்ஸின் குரோம் லெதர் கம்பெனி பல்லாவரம் பக்கம் வந்தது. கம்பெனி பெயரே ஊர் பெயராகி குரோம்பேட்டை ஆனது. ஒரு பூச்செடியை வேலையிலிருந்து அனுப்பிய ரசாயனத்தின் பெயரில் ஒரு ஊர்! ஆவாரைக்கு இதனால் நஷ்டம் இல்லை, பட்டை உரிபடாமல் நிம்மதியாகப் பூக்கிறது. கொங்கு நாட்டில் பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக் கட்ட வேப்பிலையோடும் பூளையோடும் சேர்த்துத் தேடுவார்கள். சென்னைப் புறநகரில் அதைத் தேடுகிறவர்கள் அன்றைக்கு மட்டும் மார்க்கெட்டில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். வாசலில் ஒரு செடி இருந்தால் பத்து வீட்டுக்குப் போதும்.

சங்க காலத்தில் மடலேறுகிற காதலன் சூடிக்கொண்டது மல்லிகையை அல்ல, எருக்கையும் ஆவிரையையும் பூளையையும். கேலிக்குரிய பூக்கள் என்பதால்தான் சூடினான் என்பது வேறு கதை. ஆனால் அவை பார்த்த இடத்தில் கிடைத்தன. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்களை அடுக்கினார், அதிலும் ஆவிரை இருக்கிறது. இதையெல்லாம் ஆராய்கிற செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் புதிய கட்டடம் 2022 ஜனவரியில் எங்கே திறக்கப்பட்டது? இதே பெரும்பாக்கத்தில். ஏட்டில் இருக்கும் ஆவிரை அந்த ரோட்டு நடுத்திட்டிலும் இருந்தால் தமிழுக்குச் செய்த தொண்டாகவும் ஆகும், தண்ணீர்ச் செலவும் இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகப் பார்க்கலாம். காகிதப்பூவுக்குத் தண்ணீரைக் குறைத்தால்தான் நிறம் கூடும், அதிகம் ஊற்றினால் இலைதான் மண்டும். அதற்கும் மேடு வேண்டும். டேபிள் ரோஸ் மொட்டை மாடியில் உடைந்த பக்கெட்டில்கூட வரும், தண்ணீர் குறைந்தால் பகலில் மூச்சுத்துளையை மூடிக்கொண்டு ராத்திரியில் காற்று வாங்கத் தொடங்கும் சாமர்த்தியசாலி. வாடாமல்லி, கோழிக்கொண்டை, அந்திமந்தாரை எல்லாம் ஒருமுறை விதைத்தால் போதும், அப்புறம் அவையே பார்த்துக்கொள்ளும். நர்சரிக்காரர் தலையில் கட்டப்பார்க்கிற இட்லிப்பூவுக்கு மட்டும் ஒரு குறிப்பு. இடிபாட்டு மண்ணில் சிமெண்டின் சுண்ணாம்பு கலந்திருக்கும். அதில் இட்லிப்பூவால் இரும்புச் சத்தை எடுத்துக்கொள்ள முடியாது, நரம்பு மட்டும் பச்சையாக நிற்க இலை வெளுத்துவிடும். 'உரம் போதலை' என்று நினைத்து மேலும் மேலும் உரம் கொட்டுவார்கள். செடியின் தப்பு இல்லை, இடத்தின் தப்பு.

"வெளிநாட்டுச் செடி எதுவும் கூடாது, நாட்டுச் செடி மட்டும்தான்" என்று ஒரு கோஷ்டி இப்போது கிளம்பியிருக்கிறது. நல்ல எண்ணம்தான். அந்தக் கணக்குப்படி மடகாஸ்கர் நித்தியகல்யாணியும் பிரேசில் காகிதப்பூவும் மூட்டை கட்ட வேண்டும். வீட்டு வாசல் வரைக்கும் அவ்வளவு கறார் தேவையில்லை. காட்டுக்குள்ளும் ஏரிக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளாத செடியா என்பதுதான் கேள்வி. ஏனென்றால் சீமைக் கருவேலமும் வறட்சி தாங்கும், உண்ணிச்செடியும் வறட்சி தாங்கும், அழகாகப் பூக்கவும் செய்யும். இரண்டும் தமிழ்நாட்டை என்ன பாடு படுத்துகின்றன என்று விளக்க வேண்டியதில்லை. 'தண்ணீர் கேட்காது' என்பது ஒரு தகுதி, அதுவே முழுத் தகுதி ஆகாது. சதுப்பு நிலத்தின் விளிம்பிலேயே வீடு இருந்தால் இன்னும் ஜாக்கிரதை தேவை. பள்ளிக்கரணை 2022-ல் ராம்சார் பட்டியலில் ஏறிய இடம், அங்கே எதையும் நட வேண்டாம், சும்மா விட்டாலே போதும்.

இதெல்லாம் அபார்ட்மெண்ட்காரர்களின் மெயின்டனன்ஸ் பிரச்சினை மட்டும் என்றால் இவ்வளவு நீட்டி எழுதத் தேவையில்லை. பெரும்பாக்கத்தில் இன்னொரு பெரும்பாக்கம் இருக்கிறது. கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரத்தின் பல மூலைகளிலிருந்தும், குறிப்பாக 2015 வெள்ளத்துக்குப் பிறகு, கொண்டுவந்து குடியேற்றப்பட்ட குடும்பங்கள். எட்டடுக்கு பிளாக்குகளில் சுமார் 20,000 வீடுகள். கட்டியது குடிசை மாற்று வாரியம், 2021 முதல் அதன் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். பிளாக்குக்கும் பிளாக்குக்கும் நடுவே வெட்டவெளி இருக்கிறது. வெயில் நேராக இறங்கும் கெட்டியான மண்.

அந்த வெட்டவெளிக்கு என்ன செய்யலாம் என்று யோசிக்கும்போதெல்லாம் அரசு மூளையில் முதலில் உதிப்பது 'பூங்கா'. பூங்கா என்றால் புல், நடுவில் ஒரு ஃபவுண்டன், சுற்றிலும் கம்பி வேலி. திறப்பு விழாவில் பச்சை, அடுத்த சித்திரையில் பழுப்பு, அதற்கடுத்த வருஷம் பூட்டு. தமிழ்நாட்டில் எந்த ஊரில் வேண்டுமானாலும் இப்படி ஒரு பூட்டைப் பார்க்கலாம். பூட்டியதற்குக் காரணம் 'மக்கள் பராமரிக்கவில்லை' என்று எழுதுவார்கள். ஏழாம் மாடிக்குக் குடம் சுமந்து, அந்தத் தண்ணீரை எண்ணிச் செலவழிக்கும் வீட்டுக்காரரிடம் புல்லுக்குத் தண்ணீர் ஊற்று என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? பராமரிப்புச் செலவை யோசிக்காமல் சொத்து வாங்குகிறவரை எந்த ஆடிட்டரும் மன்னிக்க மாட்டார். பொதுப்பணம் என்றால் மட்டும் மன்னித்துவிடுகிறோம்.

அதே இடத்தில் கரையோரம் அரளி வரிசையும், மேட்டுப்பாத்தியில் வாடாமல்லியும் கனகாம்பரமும் இருந்தால்? கனகாம்பரத்துக்குக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும்தான், ஆனால் புல்லோடு ஒப்பிட்டால் அற்பம். நகரத்துக்குள் இருந்தபோது பூக்கட்டி விற்றுப் பிழைத்த பெண்கள் இந்தக் குடும்பங்களில் இருக்கிறார்கள். அங்கே கோயில் வாசலும் பஸ் ஸ்டாண்டும் பக்கம். இங்கே உதிரிப்பூ வாங்கவே கோயம்பேடு வரை போக வேண்டும், போய்வரும் நேரத்தில் விடிந்துவிடும். சேலம் பக்கம் அரளி மொட்டு கிலோ கணக்கில் மாலைக்குப் போகிறது, ஏக்கர் கணக்கில் பயிராகிறது. பெரும்பாக்கத்து பிளாக்குகளுக்கு நடுவே அவ்வளவு நிலம் கிடையாது. பத்துச் செடியில் ஒரு குடும்பம் பிழைக்கும் என்று யாரும் கதைவிட வேண்டாம். ஆனால் வாங்குகிற பூவில் ஒரு பகுதி வாசலிலேயே கிடைத்தால் அன்றைய முதலில் அவ்வளவு மிச்சம். நாற்பது முழம் பூவில் பத்து முழத்துக்கு முதல் இல்லை என்றால் அந்தப் பத்து முழம் முழுக்க லாபம்தானே.

இதற்கு வாரியம் செய்ய வேண்டியது பெரிய திட்டமில்லை. அந்தந்த பிளாக் பெண்களுக்கு அந்தந்தத் துண்டு நிலத்தில் நட்டுப் பறித்துக்கொள்ளும் உரிமையை எழுத்தில் கொடுக்க வேண்டும். முதல் வருஷம் மட்டும் தண்ணீருக்கு ஒரு குழாய். கம்பி வேலி வேண்டாம், டெண்டர் வேண்டாம். 'உரிமையை எழுத்தில்' என்பதுதான் நடக்காது என்று அனுபவசாலிகள் சிரிப்பார்கள். புல்லுக்கும் ஃபவுண்டனுக்கும் கையெழுத்துப் போடுகிற பேனா இதற்கு மட்டும் ஏன் எழுதாது என்று கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

செய்முறைக்கு எந்த ரகசியமும் இல்லை. ஒன்றரை அடிக் குழி. பெரிய சிமெண்ட் கட்டிகளை மட்டும் பொறுக்கிவிட்டு, செம்மண்ணும் மக்கிய இலையும் கொஞ்சம் கலந்து நிரப்பினால் போதும். தாராளமாக எரு போட்டால் இலை கொழுக்கும், பூ வராது. பொறுக்கிய சின்னக் கற்களைத் தூர எறிய வேண்டாம், செடியைச் சுற்றி மேலே பரப்பினால் கல்லுக்கு அடியில் ஈரம் தங்கும். கல் இல்லாத ஊர்க்காரர்கள் இதற்குக் கூழாங்கல்லைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். முதல் கோடையில் தினமும் ஒரு சொம்பு ஊற்றுவதைவிட வாரம் ஒருமுறை ஒரு பக்கெட் ஊற்றுவது நல்லது, வேர் தண்ணீரைத் தேடிக் கீழே போகும். இரண்டாவது கோடையில் பக்கெட்டும் வேண்டாம்.

நேரம்தான் முக்கியம். மேட்டில் என்றால் புரட்டாசிக் கடைசியில் நட்டுவிட்டால் ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும். தாழ்வான இடம் என்றால் மழை ஓயட்டும், மார்கழியிலோ தையிலோ நடலாம், இல்லாவிட்டால் கன்று மிதக்கும். அரளிக்கு நர்சரியே தேவையில்லை, பென்சில் தடிமனில் ஒரு முழக் குச்சி போதும், தண்ணீர் பாட்டிலில் வைத்தாலே சில வாரத்தில் வேர் விடும். வெட்டும்போது பால் கையிலும் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அப்புறம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆவாரையை விதை போட்டு வளர்ப்பதுதான் சுலபம். காய்ந்த காயை ரோட்டோரச் செடியிலேயே பறித்துக்கொள்ளலாம், ஓனர் யாரும் வரமாட்டார். விதைத்தோல் கெட்டி, வெந்நீர் ஊற்றி ஒரு ராத்திரி ஊறவிட்டுப் போட்டால் நன்றாக முளைக்கும்.